வருசா வருசம் நூத்துக்கு அஞ்சு

இந்தப் பையை மடியில வெச்சுக்கறேன், நீங்க நல்லா உக்காருங்க்கா. எடமிருக்குது. நீங்களும் திருச்செங்கோடுதானுங்களா? சரி, கடைசி வரைக்கும் தொணையாச்சு.

நானா? எடப்பாடியில ஒரு ஊட்டுக்கு வந்தேனுங்க. சொந்தந்தான். என்ன மொறைன்னு கேட்டீங்கன்னா எனக்கே சொல்லத் தெரியலை. எங்கூட்டுக்காரரு மொதல்ல ஒருத்தியக் கட்டியிருந்தாரு, அவ ஊடு. தீந்து போன சம்பந்தம். கோர்ட்டுல மொறையா எழுதி வாங்கி, அதுக்கப்பறந்தான் என்னையக் கட்டுனாரு. நான் எடையில பூந்தவ இல்லீங்க. யாருகிட்டப் பேசுனாலும் இதை மொதல்லயே சொல்லிருவேன். சனம் வேற மாதிரி நெனச்சுக்குது.

அவ பேரு கஸ்தூரி. ஒரு பொண்ணு, தாரணின்னு. பன்னெண்டு வயசு. தீத்து விட்டப்பவே அந்தப் பொண்ணுக்கு மாசம் மூவாயிரம் கட்டோணும்னு கோர்ட்டுல சொல்லிட்டாங்க. அதையும் தவறாமக் கட்டிட்டுத்தான் இருந்தாரு. தவறாமன்னா, நடுவுல நாலு மாசம் அஞ்சு மாசம் நிக்கும், நோட்டீஸ் வந்தா மொத்தமாச் சேத்துக் கட்டிருவாரு. அது தவறுனதாகாதுங்களே. கையில இருக்கறப்பத்தான கட்ட முடியும்.

அவரு போர்வெல் வண்டியில டிரில்லருங்க. எங்கூருல பாதிப் பேரு அந்தத் தொழில்தான், உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். சத்தீஸ்கரு, மத்தியப்பிரதேசம்னு வண்டியோட போயிருவாரு. அங்க மழை புடிச்சா வண்டி ஊருக்கு வந்துரும். அந்த மூணு மாசந்தான் ஊட்டுல இருப்பாரு. மத்த மாசமெல்லாம் நானும் எம்பொண்ணு ஓவியாவுந்தான். அவளுக்கு அஞ்சு வயசாகுது. இன்னைக்கு ஞாயித்துக்கெழமையாச்சா, பக்கத்து ஊட்டுல உட்டுட்டு வந்தேன்.

நல்ல மனுசனுங்க. குடி கெடையாது. கை நீட்டுனதில்லை. கண்ணாலமான மாசத்துல இருந்து போன மாசம் வரைக்கும், ஏழு வருசமா, ஊட்டுச் செலவுக்கு எட்டாயிரம் கரெக்டா வந்துரும். எங்க இருந்தாலும் அனுப்பிருவாரு. எட்டுன்னா எட்டு. ஒரு மாசம் கூடுனதில்லை, ஒரு மாசம் கொறைஞ்சதில்லை. எத்தனை பேரு அப்படி இருக்கறாங்க, சொல்லுங்க.

பத்துமான்னு கேக்கறீங்களா? பத்தாதுங்க. வாடகையே மூவாயிரம். ஓவியா பொறந்தப்ப இருந்த சிலிண்டர் வெலை என்ன, இப்ப என்ன. கடலெண்ணெய் வாங்கிட்டு இருந்தோம், இப்ப பாமாயிலுதான். நம்ம ஜில்லாவுல வெளையற முட்டை, அதையே எண்ணி வாங்க வேண்டியிருக்குது. நான் பக்கத்துத் தறிக்காரருக்குத் தார் சுத்திக் குடுக்கறேனுங்க. ராட்டையில நூலு சுத்தறது. அதுல கொஞ்சம் வருது. அதை அவருகிட்டச் சொல்லிக்கறதில்லை. சொன்னா வருத்தப்படுவாரு. பொண்டாட்டிய வேலைக்கு உட்டுட்டமேன்னு மனசு சங்கடப்படும். எதுக்குங்க அது.

ஒருக்கா ரெண்டுக்கா பத்தலைன்னு சொல்லியிருக்கறேன். ‘சிக்கனமா இரு புள்ள’ன்னுதான் சொல்லுவாரு. அதுவும் நியாயந்தானே.

இப்படி நல்லாத்தான் போயிட்டு இருந்துச்சு. போன வருசம் மழைக்கு அவரு வந்து எறங்குன வாரமே கோர்ட்டுல இருந்து தபால் வருது. கஸ்தூரி மனுப் போட்டிருக்கறா. என்னன்னு? வெலவாசி ஏறிப்போச்சு, மூவாயிரத்துல பொண்ண வளக்க முடியலை, ஒம்பதாயிரமாக் கூட்டிக் குடுக்கோணும்னு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். வெலவாசி அவளுக்கு மட்டுந்தான் ஏறுச்சா? நாமெல்லாம் சோறு திங்கலையா? நான் எட்டாயிரத்துல ஏழு வருசமாக் குடும்பம் நடத்தறேன், நான் எந்தக் கோர்ட்டுக்குப் போனேன்? இதைத்தான் ஊட்டுக்கு வர்ற போறவங்ககிட்டயெல்லாம் சொல்லிச் சொல்லி ஆத்திக்கிட்டேன்.

அவரு போயி வக்கீலப் பாத்துட்டு வந்தாரு. கேசு இழுத்துட்டே போயி, இந்த வருசம் ஆடியிலதான் விசாரணைக்கு வந்துச்சு. அதுக்கு நாலு நாளு முன்னாடி வக்கீலு ஆபீசுக்கு என்னையும் வரச் சொன்னாங்க. எனக்கு ஒண்ணும் புரியலை. நான் எதுக்குன்னேன்.

வக்கீலு நல்லாப் பேசறவரு. ‘அம்மா, சாருக்கு இன்னொரு குடும்பம் இருக்குது, சம்பளமெல்லாம் அங்க செலவாயிருதுன்னு காமிக்கோணும். அதுக்கு நீங்க வந்து சொன்னாத்தான் எடுபடும்’னாரு. சம்பளம் இருவத்திரெண்டாயிரம்னு எழுதியிருக்கறாராம். அதுல பதினெட்டாயிரத்தை ஊட்டுச் செலவுக்கு உங்க கையில குடுத்தர்றாரு, மாசாமாசம் குடுக்கறாருன்னு நான் சொல்லோணும்.

நான் எங்கூட்டுக்காரரப் பாத்தேன். அவரு காலண்டரப் பாத்துட்டு இருந்தாரு.

‘எட்டுத்தானுங்க குடுக்கறாரு’ன்னேன்.

வக்கீலு சிரிச்சாரு. ‘கோர்ட்டுக்குச் சொல்ற கணக்கு வேறம்மா. உங்க குடும்பத்துக்காகத்தான இது’ன்னாரு.

எங்கூட்டுக்காரரும் சொன்னாரு, ‘ஒரு வார்த்தைதான் புள்ள. ஓவியாவ நெனச்சுக்க’ன்னு. அதுக்கு மேல நான் என்னத்தச் சொல்றது. சரின்னுட்டேன். பழைய சீலையாக் கட்டிட்டு வரச் சொன்னாரு வக்கீலு. கழுத்துல கையில ஒண்ணும் போட்டுட்டு வர வேண்டாம்னாரு. எனக்கு அந்தச் சிரமமே இல்லீங்க. எங்கம்மா போட்ட அஞ்சு பவுன் செயினை ரெண்டு வருசம் முன்னாடியே அவரு வாங்கிட்டுப் போயிட்டாரு. புது வண்டி எறக்கறாங்க, ஓனருக்கு அவசரம், திருப்பித் தந்துருவாங்கன்னு. தருவாங்க. பெரிய எடம், மறந்திருப்பாங்க.

நாமக்கல்லு கோர்ட்டுக்கு நான் போனதே அதுதான் மொதத் தடவை. வராண்டாவுல ஒரு பெஞ்சு. அதுல உக்காந்திருக்கறா கஸ்தூரி. போட்டோவுலதான் பாத்திருக்கறேன். அதுல இருந்த ஒடம்பு இல்லை இப்ப. நைட்டி தைக்கற கம்பெனிக்குப் போறாளாமா. அவரு வக்கீலோட உள்ள போயிட்டாரு. நான் நின்னுட்டே இருந்தேன். அவளே தள்ளி உக்காந்து எடம் உட்டா. உக்காரலாமா வேண்டாமான்னு எனக்குத் தெரியலை. காலு வலிச்சுது, உக்காந்துட்டேன்.

அப்பறம் என்னையத் திரும்பிக்கூடப் பாக்காம மெதுவாக் கேக்கறா, ‘எட்டாயிரந்தான குடுக்கறாரு?’ன்னு.

எனக்குத் தூக்கி வாரிப் போட்டுருச்சு. இவளுக்கு எப்படித் தெரியும்? எங்கூட்டுக் கணக்கு இவளுக்கு எதுக்கு? என்ன திமிரு பாருங்க்கா. ‘உங்களுக்கெதுக்குங்க அது’ன்னு கேட்டுட்டு எந்திரிச்சுப் போயி செவுத்தோரமா நின்னுக்கிட்டேன்.

உள்ள கூப்புட்டாங்க. ஜட்ஜம்மா வயசானவங்க. கண்ணாடிய எறக்கிட்டுப் பாப்பாங்க. கூண்டுல ஏறுனதும் உண்மையச் சொல்றேன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. வக்கீலு கேட்டாரு, மாசம் எவ்வளவும்மான்னு. பதினெட்டாயிரமுங்கன்னேன். சொல்லிக் குடுத்தபடியே சொல்லிட்டேன். வக்கீலு தலையாட்டிட்டு உக்காந்துட்டாரு. முடிஞ்சுதுன்னு நான் எறங்கப் போனேன். ஜட்ஜம்மா ‘இருங்கம்மா’ன்னுட்டாங்க.

அதட்டலெல்லாம் இல்லீங்க. நம்ம ஊட்டுல ஒறம்பரைக்கு வந்தவங்க கேக்கற மாதிரி கேட்டாங்க. ‘அரிசி எங்கம்மா வாங்கறீங்க?’

‘ரேசன் அரிசிதானுங்க. நல்லாக் களைஞ்சு வடிச்சா நாத்தம் வராதுங்க. இட்லிக்கும் அதேதான் போடறேன்’னேன்.

‘பாலு?’

‘கால் லிட்டரு வாங்கி, தண்ணி ஊத்தி ரெண்டு நேரம் ஓட்டிக்குவனுங்க.’

‘கறி எடுப்பீங்களா?’

‘மாசத்துக்கு ஒருக்காங்க. அவரு வந்திருந்தா வாராவாரம் எடுப்பமுங்க.’

புள்ளை எங்க படிக்குதுன்னாங்க. யூனியன் ஸ்கூலு, நல்லாச் சொல்லிக் குடுக்கறாங்கன்னேன். துணிமணி எப்படின்னாங்க. தீவாளிக்கு ஒண்ணு, அதையும் ஒரு சைசு பெருசா எடுத்து மடிச்சுத் தைச்சு ரெண்டு வருசம் போட்டு உடுவனுங்கன்னேன்.

உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன, எனக்கு சந்தோசமா இருந்துச்சுங்க்கா. என்ற சிக்கனத்தைத்தான் கேக்கறாங்கன்னு நெனச்சுட்டேன். ஏழு வருசமா எப்படிக் குடும்பம் நடத்தறேன்னு யாருமே எங்கிட்டக் கேட்டதில்லை. எங்கம்மாகூடக் கேட்டதில்லை. மொதமொதல்லக் கேக்கறது ஒரு ஜட்ஜம்மா. நான் பாட்டுக்குச் சொல்லிட்டே போறேன். சோப்பைப் பாதியா வெட்டி வெக்கறது வரைக்கும் சொன்னேன்.

அவங்க எழுதி முடிச்சுட்டு நிமுந்தாங்க. ‘நீங்க சொன்னதெல்லாம் கூட்டுனா வாடகையோட சேத்து எட்டு எட்டரைதாம்மா வருது. மிச்சம் பத்தாயிரத்தை என்ன பண்றீங்க?’

அப்பத்தான் எனக்கு உறைச்சுது.

எல்லாரும் என்னையவே பாக்கறாங்க. வக்கீலு பேப்பரைத் திருப்பறாரு. எங்கூட்டுக்காரரு தலையக் குனிஞ்சுட்டாரு. ‘சேத்து வெக்கறீங்களா?’ன்னாங்க. ஆமான்னா பேங்க்கு பொஸ்தகம் கேப்பாங்களோன்னு பயம். ‘செலவாயிருதுங்க’ன்னேன். அதுக்கு மேல அவங்களும் கேக்கலை. ‘சரி, போயி உக்காருங்கம்மா, தண்ணி குடிங்க’ன்னாங்க. எறங்கி வர்றப்ப கஸ்தூரி என்னையப் பாத்தா. கோவமாப் பாத்திருந்தாக்கூடப் பரவால்லீங்க. பாவமாப் பாத்தா. அதைத்தான் என்னால பொறுத்துக்க முடியலை.

அதுக்கப்பறம் அவளோட வக்கீலு, சின்னப் பொண்ணுதான், எந்திரிச்சு என்னென்னமோ பேசுச்சு. எங்கூட்டுக்காரரு டிரில்லரே இல்லையாம், ஒரு வண்டியில மூணுல ஒரு பங்கு அவரோடதாம், அதை அவரு தங்கச்சி புருசன் பேருல வெச்சிருக்கறாராம். எனக்குச் சிரிப்புத்தான் வந்துச்சு. பங்கு இருந்தா எங்கிட்டச் சொல்லியிருக்க மாட்டாரா? புது வண்டிக்குப் பூசை போட்டப்ப நானும்தான போயிருந்தேன். ஓனருங்களோட இவருக்கும் மாலை போட்டாங்க, பக்கத்துலயே நிக்க வெச்சுப் போட்டோ எடுத்தாங்க. வேலைக்காரருக்கு அத்தனை மரியாதை தர்றாங்களேன்னு எனக்குப் பெருமையா இருந்துச்சு. அதைப் போயி பங்குங்கறாங்க.

ஆவணியில தீர்ப்பு வந்துச்சு. மூவாயிரம் ஆறாயிரத்தி ஐநூறு ஆயிருச்சு. அதோட உட்டாங்களா? இனிமே வருசா வருசம் நூத்துக்கு அஞ்சு தானாக் கூடிக்கோணுமாம். ஒவ்வொரு தடவையும் அந்தப் பொம்பளை மனுவத் தூக்கிட்டு வர வேண்டியதில்லையாம். வெலவாசிக்குத் தக்கன ஏறிக்கும்னு எழுதிட்டாங்க.

அவரு ஊட்டுக்கு வந்து சட்டையக் கழட்டி மாட்டிட்டுச் சொன்னாரு, ‘உன்னால வந்துது. இங்கிலீசு மீடியம்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன. ரேசன் அரிசி, பாதி சோப்புன்னு ஊருக்கெல்லாம் சொல்லி மானத்தை வாங்கிட்ட’ன்னு. நான் அழுதுட்டேன். நல்லதுக்குத்தான போனேன். பொய்யும் சொன்னேன், அதுவும் எடுபடலை.

அடுத்த மாசம் பொறந்துச்சு. மேசை மேல பணத்தை வெச்சாரு. அஞ்சாயிரம் இருந்துச்சு.

‘என்னங்க, அஞ்சுதான் இருக்குது?’ன்னேன்.

‘அங்க ஏத்துனதை எங்கருந்து குடுக்கறது? ஜட்ஜம்மா கையில இருந்தா குடுக்கறாங்க?’ன்னாரு.

அங்க ஏறுனது மூவாயிரத்தி ஐநூறு. இங்க எறங்குனது மூவாயிரம். ஐநூறு ரூவாய அவரு தாங்கிக்கறாரு பாருங்க, அதையும் சொல்லோணும்.

வாடகை போக ரெண்டாயிரம். அதுல என்னத்தப் பண்றது? தார் சுத்தற காசையும் போட்டுப் பாத்தேன். தறிக்காரருகிட்டக் கூட வேலை கேட்டேன். தோளு எறங்கிருச்சுங்க்கா. இந்தப் பக்கம் தூக்கவே முடியலை. ஓவியாவுக்குக் கால் லிட்டரு பாலையும் நிறுத்துனேன். அவ கேக்கலை. வரக் காப்பி குடுத்தாலும் குடிச்சுக்கறா.

இப்பப் பொரட்டாசி. அடுத்த வாரம் வண்டி கெளம்புது. போறதுக்குள்ள இதை முடிச்சுரோணும்னு அவருக்கு. முந்தாநேத்துச் சொன்னாரு, ‘நீ போயி அவகிட்டப் பேசு. பொம்பளைக்குப் பொம்பளை கேட்டா எறங்குவா. அஞ்சாயிரத்துக்கு ஒத்துக்கிட்டு எழுதிக் குடுக்கச் சொல்லு. வருசா வருசம் ஏறறதும் வேண்டாம்னு எழுதச் சொல்லு. ஒத்துக்கிட்டான்னா உன்ற எட்டை உனக்கே குடுத்தர்றேன்’ன்னு. அதுக்குத்தான் இன்னைக்கு வந்தது.

கேட்டுக் கேட்டு ஊட்டக் கண்டுபுடிச்சேன். ரெண்டு ரூமு, மாடிப்படிக்குக் கீழ. கதவைத் தட்டுனா ஒரு பொண்ணு வந்து தொறக்குது. எங்கூட்டுக்காரரோட மூக்கு, அதே நெத்தி. எம்பொண்ணு இன்னும் ஏழு வருசத்துல இப்படித்தான் இருப்பான்னு அப்படியே தெரியுது. கண்ணாடி போட்டிருக்குது. என்னைய ஒரு நிமிசம் பாத்துட்டு, ‘உள்ள வாங்க சின்னம்மா’ங்குது.

நான் படியிலயே நின்னுட்டேன். யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னு தெரியலை. ‘ஓவியா வரலீங்களா?’ன்னு கேக்குது. பேரு தெரியுது, பாருங்க. எம்பொண்ணுக்கு இப்படி ஒரு அக்கா இருக்கறதே தெரியாது. நாங்க சொன்னதில்லை. தேவையில்லைன்னு அவரு சொல்லிட்டாரு.

கஸ்தூரி டீ வெச்சுக் குடுத்தா. அவளை என்னன்னு கூப்புடறது? அக்காங்கறதா? வாயி வரலை. ‘ஏனுங்க’ன்னே பேசுனேன். சுத்தி வளைக்காமச் சொல்லிட்டேன். அஞ்சுக்கு ஒத்துக்குங்க, ஏத்தறது வேண்டாம்னு எழுதிக் குடுத்துருங்கன்னு.

‘அவரு அனுப்பிச்சாரா?’ன்னா.

‘ஆமாங்க.’

‘உனக்கு இப்ப எவ்வளவு குடுக்கறாரு? எட்டே தானா?’

அன்னைக்கு மாதிரி எந்திரிச்சுப் போகலாம்னு பாத்தேன். டீயப் பாதி குடிச்சிருந்தேன். ‘அஞ்சுங்க. தீர்ப்பு வந்ததுக்கப்பறம் கொறைச்சுட்டாரு’ன்னேன்.

அவ கையில இருந்த டம்ளரக் கீழ வெச்சுட்டா. அப்பறம், ‘நான் அவருகிட்டத்தான் கேட்டேன் மேகலா. உங்கிட்டக் கேக்கலை’ன்னா.

எம்பேரச் சொன்னா. நல்லாத்தான் சொன்னா. எனக்குத்தான் என்னமோ மாதிரி ஆயிருச்சு. ‘அன்னைக்குக் கோர்ட்டுல எட்டுன்னு எப்படிச் சொன்னீங்க?’ன்னு கேட்டேன்.

‘எனக்கும் எட்டுத்தான். இவ பொறந்த வருசத்துல இருந்து எட்டு. கூடவும் இல்லை, கொறையவும் இல்லை’ன்னா.

இவ பொறந்த வருசம்னா பன்னெண்டு வருசம் முன்னாடிங்க்கா. அப்ப எட்டாயிரத்துக்கு என்னென்ன வாங்கியிருக்கலாம், நெனச்சுப் பாருங்க. நான் அங்கயே மனசுக்குள்ள போட்டுப் பாத்தேன். சிலிண்டரு, எண்ணெய், பருப்பு எல்லாத்தையும். எனக்குக் குடுத்ததை விட அவளுக்கு நெறையத்தான் குடுத்திருக்கறாரு. பேருக்குத்தான் எட்டும் எட்டும் ஒண்ணு. எனக்கு அது பொறாமையாப் போச்சு, மறைக்கறதுக்கென்ன. அவளுக்கு அத்தனை செஞ்சிருக்கறாரு, இருந்தும் அவளுக்குப் பொழைக்கத் தெரியலையேன்னுதான் நெனச்சேன்.

‘கொறைக்க முடியாது மேகலா. எம்பணம்னா யோசிக்கலாம். இது தாரணியோடது. இவளுக்கு வருசா வருசம் கண்ணுல பவர் ஏறுது. போன வருசக் கண்ணாடியப் போட்டுட்டு இந்த வருசம் படிக்க முடியுமா? நான் அவருகிட்ட வேற ஒண்ணும் கேக்கலை’ன்னா.

அந்தப் பொண்ணு உள்ளருந்து எட்டிப் பாத்துட்டுப் போச்சு.

நான் எந்திரிச்சேன். வந்த காரியம் ஆகலை, இனி என்ன. கஸ்தூரி வாசல் வரைக்கும் வந்தா. ‘நீ கேக்க மாட்டியா?’ன்னா.

எனக்குச் சுருக்குன்னு ஆயிருச்சு. ‘நான் எதுக்குங்க கோர்ட்டுக்குப் போறேன்? நான் என்ன அத்து உட்டவளா? புருசனோட இருக்கறவ’ன்னேன். கொஞ்சம் சூடாத்தான் வந்துருச்சு.

அவ கோவிச்சுக்கலை. ‘கோர்ட்டுக்குப் போகச் சொல்லலை. வாயால கேளு. பத்தலைன்னு கேக்காத. பத்தலைன்னா சிக்கனமா இருன்னுதான் சொல்லுவாரு, எனக்கும் அதான் சொன்னாரு. இத்தனை வேணும்னு தொகையச் சொல்லிக் கேளு’ன்னா. அப்பறம் என் கழுத்தப் பாத்தா. ‘உங்கம்மா போட்ட நகை என்னாச்சு?’ன்னா. ‘பத்திரமா இருக்குது’ன்னுட்டு வந்துட்டேன். அதெல்லாம் அவளுக்கு எதுக்கு.

குடும்பத்தைக் கெடுக்கறவ இப்படித்தான் பேசுவாங்க. நல்லவ மாதிரி டீ குடுத்து, புருசங்கிட்ட மல்லுக்கு நிக்கச் சொல்லிக் குடுப்பாங்க. நானா ஏமாறுவேன்.

ஒரு நிமிசமுங்க்கா, போனு அடிக்குது. அவருதான்.

ஏனுங்க... ஆமாங்க, பஸ்ஸுல வர்றேன்... பாத்தேன், பாத்தேன்... இல்லீங்க. ஒத்துக்கலை... கேட்டேங்க, எல்லாஞ் சொன்னேன். முடியாதுன்னுட்டா... நான் என்னங்க பண்றது, காலையா புடிக்க முடியும்?... இல்லை, அஞ்சுக்கும் இல்லை, ஆறுக்கும் இல்லை. கோர்ட்டுல சொன்னதுதான்கறா...

ஏனுங்க. ஒண்ணு சொல்லோணும். வெச்சுராதீங்க... இனிமே ஊட்டுச் செலவுக்கு பன்னெண்டாயிரம் வேணுமுங்க... பன்னெண்டு. காதுல விழுகலீங்களா?... பத்தலைன்னு சொல்லலீங்க. பன்னெண்டு வேணும்னு சொல்றேன்... யாரு? இல்லீங்க, அவ ஒண்ணும் சொல்லிக் குடுக்கலை. அவ எதுக்குச் சொல்றா. நானாத்தான் கேக்கறேன்... இன்னும் இல்லீங்க, ஊட்டுக்கு வந்துதான்... சரிங்க. வர்றேன்.

கேட்டுட்டீங்களா. எல்லாரும் திரும்பிப் பாத்தாங்களா? பாத்தாப் பாக்கட்டும்.

நானாத்தான் கேக்கறேன்னு சொன்னது பொய்யிதான். அவ பேரச் சொன்னா அவளுக்குப் பெருமையாப் போயிரும் இல்லீங்களா? அதுக்குத்தான் சொல்லலை.

அவரு என்ன சொன்னாருன்னா கேக்கறீங்க? அவ சொல்லிக் குடுத்தாளான்னாரு. அப்பறம் ‘சாப்புட்டயா?’ன்னு கேட்டாரு. அவ்வளவுதான். பன்னெண்டைப் பத்தி ஒண்ணும் சொல்லலை. ஏழு வருசத்துல நான் சாப்புட்டனான்னு அவரு கேட்டதில்லை. நல்ல மனுசன்னு சொன்னேனே, பாத்தீங்களா. ஆனா பன்னெண்டுக்குப் பதில் வரலை. அதையும் நான் கவனிச்சேன்.

சரின்னும் சொல்லலை, இல்லைன்னும் சொல்லலை. அடுத்த வாரம் வண்டி போயிரும். போனா என்ன, போனு இருக்குதில்ல. ஒண்ணாந் தேதி கேப்பேன். குடுக்கலைன்னா அடுத்த ஒண்ணாந் தேதி கேப்பேன். பன்னெண்டு, பன்னெண்டுன்னு அதையேதான் கேப்பேன். அவளுக்கு வருசத்துக்கு ஒருக்காத்தான் ஏறும். அதுக்கும் அவ எடப்பாடியில இருந்து நாமக்கல்லு வரைக்கும் நடந்து நடந்து எளைச்சுப் போனா. நான் அவருக்குச் சோறு போடறவ. இலையப் போட்டுட்டுப் பக்கத்துல நின்னே கேக்கலாம்.

சங்ககிரி வந்துருச்சு போலிருக்குது. கொஞ்சம் நகந்து குடுங்க்கா, அந்தப் புள்ளத்தாச்சிப் பொண்ணு உக்காரட்டும். மூணு பேரு தாராளமா உக்காரலாம்.